ரூடி ஹுடாக்கின் சிம்மாசனம்

பக்கத்து வீட்டு ரூடி ஹுடாக் பிட்ஸ்பர்க்கில் நாற்பது வருடம் பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகும், யார் சொன்னாலும் வண்டியைத் திருப்பமாட்டான்.

எங்கள் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. ரூடி வீட்டு முன்வாசலுக்கு இருபத்தாறு படிகள். ஆனால் கீழ்த்தளத்தின் கதவு பின்சந்தில் தரையோடு தரையாகத் திறக்கும். ரூடியின் மனைவி பெர்னடின் அந்தக் கதவைத்தான் மலைபோல் நம்பினாள். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, முதியோர் இல்லத்தில் கிடக்கும் தங்கை லொரேனை அந்த வழியாகத் தன்னோடு கூட்டி வந்துவிட வேண்டும். லொரேனோ, வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கீழ்த்தளத்தைக் குடியிருக்கத் தோதாக்க ரூடி வேலையில் இறங்கினான். எழுபதுகளில் அடித்த பழுப்புப் பலகைகளையும் ஆரஞ்சுக் கம்பளத்தையும் பிய்த்து எறிந்தான். பொய்க்கூரையைக் கழற்றினால், உள்ளே நூறு வருடத்து மர உத்தரங்கள். தேய்த்து எண்ணெய் பூசி, அப்படியே தெரியும்படி விட்டான். கல்சுவருக்கு வெள்ளையடித்தான். யாரோ இடித்த தானியக் கொட்டகையின் பலகைகள் அலமாரியாயின. எனக்கே அங்கே குடிபோகலாம் போலிருந்தது.

ஒன்றை மட்டும் அவன் அசைக்கவில்லை. அறையின் நட்டநடுவில், சுவரும் கதவும் இல்லாமல் நிற்கும் டாய்லெட். உருக்காலையிலிருந்து கரியோடு வருகிறவர்கள் கீழேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு மேலே போகட்டும் என்று எங்கள் ஊர் வீடுகளில் வைத்தது. ரூடியின் அப்பா உட்கார்ந்தது. ரூடி தினமும் காலையில் பேப்பரோடு உட்காருவது. சுற்றிச் சுவர் வைக்கச் சொல்லி பெர்னடின் மூன்று வாரம் சண்டை போட்டாள்.

"அறுபது வருஷமா காத்தோட்டமா உக்காந்தவன்டி நான். என்னைப் பெட்டிக்குள்ள அடைக்காதே."

லொரேனுக்காக இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி பதித்தான். அதற்குமேல் இறங்கி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லொரேன் வந்தாள். சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டே சுவரைத் தடவினாள், உத்தரங்களை அண்ணாந்து பார்த்தாள், முகம் மலர்ந்தது. பிறகு நடுவில் நின்றதைப் பார்த்தாள். எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

சந்தில் பத்து நிமிடம் நின்றோம். பெர்னடின் புருஷனின் முகத்தைப் பார்க்கவேயில்லை. எனக்கும் அவன்மேல் ஆத்திரமாக வந்தது. உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. லொரேனே கதவைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அங்க இல்லத்துல பாத்ரூம் கதவு குறுகல், நாற்காலி நுழையாது. மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் மணியடிச்சு, யாராவது வந்து தூக்கிவிடணும். இன்னிக்குத்தான் நானா போயிட்டு வந்தேன். சுவரெல்லாம் வேண்டாம்க்கா, ஒரு திரை போதும். நான் இங்கயே இருக்கேன்."

ரூடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"ஆனா அத்தான், நாளைலேருந்து உங்க பேப்பரை எடுத்துக்கிட்டு நீங்க மாடிக்குப் போயிடணும்."

இப்போது மாடிக்குத்தான் போகிறான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறான் என்று பெர்னடின் சொல்கிறாள்.