கன்றின் கழுத்தில் பாப்பாவின் கொலுசு

மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் காது ஒரு கொலுசுச் சத்தத்தைத் தேடும். அந்த நீலப் பெயிண்டின் நெடியோடு சாமந்திப்பூவும் ஈர வைக்கோலும் அடுப்புப் புகையும் சேர்ந்து வருவதுதான் எனக்கு மாட்டுப்பொங்கல். மற்றவர்களுக்கு அது சந்தோஷமான வாசனையாக இருக்கலாம், எனக்கு அது பயத்தின் வாசனை. இப்போது வில்லியனூரில் நான் குடியிருக்கும் தெருவில் யாராவது கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தாலே, உள்ளே விளையாடிக்கொண்டிருக்கும் என் மகளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவேன். இத்தனை வருஷம் கழித்துமா என்று என் கணவர் சிரிப்பார். அவருக்கென்ன, அவர் வீட்டில் மாடே கிடையாது.

அப்போது நாங்கள் உறுவையாற்றில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. எனக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் கழித்துப் பிறந்ததால், என் தங்கைக்குப் பெயர் ஒன்று வைத்திருந்தும் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'தான். அந்தப் பொங்கலுக்கு அவளுக்கு ஒன்றரை வயது. நடக்கக் கற்று, நடையை விட்டுவிட்டு நேராக ஓட்டத்துக்குப் போயிருந்தாள். காது குத்தலுக்குத் தாய்மாமன் போட்ட வெள்ளிக் கொலுசு அவள் காலில் கிடந்தது. காலுக்கு ஐந்து சலங்கை. அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே அந்தச் சத்தத்தை வைத்துப் பிள்ளை வாசலில் இருக்கிறதா, கொல்லையில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். "சத்தம் வந்தா பயமில்ல, சத்தம் நின்னாதான் ஓடணும்" என்பது அம்மாவின் வாய்ப்பாடு. அது உண்மைதான். சத்தம் நின்ற இடத்தில் போய்ப் பார்த்தால் பாப்பா கோலமாவைத் தின்றுகொண்டிருப்பாள், இல்லையென்றால் ஊறவைத்த பச்சரிசியில் காலை விட்டு நின்றுகொண்டிருப்பாள்.

பொங்கலுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எனக்குக் கிடைத்த வேலை "பாப்பாவப் பாத்துக்கோ" என்பதுதான். லீவு என்று பெயர், ஆனால் பள்ளிக்கூடமே தேவலாம் போலிருந்தது. அம்மா காவி அடித்தால் பாப்பா அதில் கை வைப்பாள், கரும்பைச் சாத்தி வைத்தால் அதை இழுத்து மேலே போட்டுக்கொள்வாள், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையெல்லாம் மண்ணில் உருட்டுவாள். அவள் பின்னால் ஓடி ஓடி எனக்குக் கால் வலித்தது. அவள் தூங்குகிற நேரம்தான் எனக்குப் பொங்கல்.

அந்த வருஷம் எனக்கு இன்னொரு செல்லமும் இருந்தது. எங்கள் பசு ஐப்பசி மழையில் ஒரு கிடேரிக் கன்று போட்டிருந்தது. சிவப்பு நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. சிட்டு என்று பெயர் வைத்தது நான்தான். அதற்கு அது முதல் பொங்கல். பக்கத்து வீட்டுக் கன்றுக்கு வில்லியனூர்ச் சந்தையில் மணிப் பட்டை வாங்கிக் கட்டியிருந்தார்கள். எங்கள் சிட்டுக்கு ஒன்றுமில்லை. அப்பாவிடம் கேட்டேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை அவருக்கு. மாட்டுப்பொங்கலுக்கு லீவு வேண்டுமென்று முதல் நாள் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, தூங்காத கண்ணோடு வந்து மாடு கழுவிக்கொண்டிருந்தார். "கன்னுக்குட்டிக்கு இன்னாத்துக்குடி மணி? பலூன் கட்டு, போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை.

மதியம் பாப்பா கூடத்துப் பாயில் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கால் கொலுசின் திருகாணிகளைக் கழற்றினேன். இரண்டு கொலுசையும் என் சடை ரிப்பனில் கோத்து, கொட்டகைக்குப் போய்ச் சிட்டுவின் கழுத்தில் மாலைக்கு அடியில் மறைவாகக் கட்டிவிட்டேன். படைத்து முடிந்ததும் அவிழ்த்து, அவள் எழுந்திருப்பதற்குள் காலில் மாட்டிவிடலாம் என்பது என் கணக்கு. சிட்டு தலையை ஆட்டியது. பத்துச் சலங்கையும் சேர்ந்து ஒலித்தபோது, பக்கத்து வீட்டு மணியெல்லாம் என்ன மணி என்று இருந்தது எனக்கு.

சாயங்காலம் கொல்லையில் மூன்று கல் கூட்டி அம்மா மாடுகளுக்குப் பொங்கல் வைத்தாள். அப்பா கொம்புக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். இலை எடுக்க உள்ளே போன நான் பாயைப் பார்த்தேன். பாய் காலியாக இருந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், நெல் மூட்டைக்குப் பின்னால் பார்த்தேன், வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தேன். தெருவில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது, பாப்பா இல்லை. இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குத் திரும்பி வந்தேன்.

"பாப்பா எழுந்துடுச்சாடி?" என்றாள் அம்மா, பானையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டகைப் பக்கமிருந்து சலங்கை கேட்டது. அம்மா தானாகவே சிரித்துக்கொண்டாள். "எழுந்த ஒடனே கன்னுக்குட்டிகிட்ட போயிடுச்சா? சரி, அங்கயே கெடக்கட்டும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எதிர்வீட்டு லூர்து அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள், முறுக்கு கொடுத்து உட்கார வைத்திருப்பாள், படைத்து முடித்ததும் ஓடிப்போய்த் தூக்கி வந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சொன்னால் கொலுசுக் கதை வெளியே வரும், நாளும் கிழமையுமாக முதுகில் விழும். அம்மாவின் அடி அப்படி. பானை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லோரும் கத்தினோம். நானும் கத்தினேன். அப்பா தட்டைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, நான் செம்புத் தண்ணீரோடு மாடுகளைச் சுற்றி மூன்று முறை ஓடினேன். ஒவ்வொரு சுற்றிலும் என் கண் பக்கவாட்டுக் கதவுக்கே போனது. பத்து நிமிஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம். இன்றுவரை எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

தட்டுச் சத்தத்துக்கு மிரண்டு சிட்டு கயிற்றை உருவிக்கொண்டு ஓடி வந்தது. அம்மா அடுப்பைப் பார்த்துக் குந்தியிருந்தாள். சலங்கை கிட்டே வரவும், திரும்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டி, "வாடி என் தங்கம், அடுப்புகிட்ட வராத" என்றாள். அந்தக் கையில் கன்றின் ஈர மூக்கு பட்டது.

அம்மா திரும்பினாள். கன்றைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், ரிப்பனைப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட சத்தத்தை நான் எழுத முடியாது.

அப்பா தெருப்பக்கம் ஓடவில்லை. நேராகக் கொல்லைக்குப் பின்னால் இருந்த மோட்டார் கொட்டாய்க்கு ஓடினார். காலையில் மாடு கழுவ நிரப்பிய தொட்டி அங்கே இருந்தது. மாட்டின் மேல் தண்ணீர் ஊற்ற வாகாக, தொட்டியோரம் ஏறி நிற்க அவரே இரண்டு கல் போட்டு வைத்திருந்தார். காலையில் அந்தக் கல்லின் மேல் பாப்பாவை நிற்க வைத்து வேடிக்கை காட்டியதும் அவர்தான். உடுத்திய வேட்டியோடு தொட்டிக்குள் குதித்தார். பெயிண்ட் கையால் அடியைத் துழாவினார், மூழ்கினார், எழுந்தார், மறுபடியும் மூழ்கினார். அம்மா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு "கெடைக்கக் கூடாது, சாமி, கெடைக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். எனக்கு அழுகைகூட வரவில்லை, பல் மட்டும் அடித்துக்கொண்டது.

கரும்புக் கொல்லைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏய், புள்ள இங்க கீது! இங்க கீதுடி!"

ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்த லூர்து அக்கா, புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மாடு கழுவி மாலை கட்டும்போது அறுந்து விழுந்த சாமந்திப்பூக்கள் வாய்க்காலில் ஆங்காங்கே ஒதுங்கிக் கிடந்தன; ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே கரும்புவரைக்கும் போய், வாய்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம். த்ரீ பேஸ் கரண்ட் மதியமே போய்விட்டதால் வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. மோட்டார் ஓடியிருந்தால் அந்த வாய்க்கால் என் இடுப்புக்கு வரும். தைமாதக் குளிரில் பாப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. பூவை மட்டும் விடவில்லை.

அப்பா தொட்டியிலிருந்து ஏறி வந்து அவளை வாங்கினார். காலைத் தடவிப் பார்த்தார். "கொலுசு எங்க? கொலுச யாரு கழட்னது?"

அம்மா என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். "நாந்தான். கன்னுக்குட்டிக்கு அழகா இருக்கும்னு கட்னேன்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா அதுவரை அம்மாவைத் தெருவறியத் திட்டியதில்லை. அன்றைக்குத் திட்டினார். "நீயெல்லாம் ஒரு தாயாடி?" என்று அவர் கத்தியதை லூர்து அக்காவும் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். அம்மா கன்றின் கழுத்திலிருந்து ரிப்பனை அவிழ்த்து, கொலுசைப் பாப்பாவின் காலில் பூட்டி, திருகாணியைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

அந்தக் கன்று வளர்ந்து, ஈன்று, விலைக்கும் போய்விட்டது. மாட்டுக் கொட்டகையில் இப்போது அப்பாவின் பைக் நிற்கிறது. தொட்டியைத் தூர்த்துவிட்டார்கள், கரும்புக் கொல்லையில் மனைக்கல் நட்டிருக்கிறது. பாப்பா ஊரைவிட்டு வேலைக்குப் போய், கொலுசு போடுவதையே விட்டுவிட்டாள். என் மகளுக்குக் கீச்சுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்; சத்தம் வந்தாலும் நான் போய்ப் பார்க்கிறேன். ஆனால் பொங்கல் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும், "கன்னுக்குட்டிக்குக் கொலுசு போட்ட மகராசி" என்று அப்பா அம்மாவைக் கிண்டல் செய்வது மட்டும் மாறவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றுவாள்.

இந்தப் பொங்கலுக்குத் தனியாக இருக்கும்போது கேட்டேன், அன்றைக்கு ஏம்மா பழியை நீ எடுத்துக்கொண்டாய் என்று. அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "ஒனக்காக இல்லடி. ஒம்போது வயசுப் புள்ள, அழகுக்குக் கட்ன. சத்தத்த நம்பி, திரும்பிப் பாக்காம அடுப்புகிட்ட குந்திகினு இருந்தது நாந்தான? நெனைச்சா இப்பவும் எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

பாய் காலியாக இருந்ததை நான் முன்பே பார்த்துவிட்டேன் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது, அன்றைக்குப் போலவே அங்கேயே நின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் போட்டுப் பத்திரிகையில் எது வந்தாலும் அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பாள். இந்த வரிக்கும் வந்து சேருவாள். எனக்கு இப்போதும் பல் அடித்துக்கொள்கிறது.