பக்கத்து வீட்டு நோட்டு

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆக வேண்டும் என்று ராமலெட்சுமி நினைத்ததே இல்லை. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்தான் தலைவராக வர வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்கு வந்த முப்பது தாய்மாரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியர் யோகேஸ்வரன் சுற்றிப் பார்த்துவிட்டு, "எட்டாவது வரைக்கும் இதே ஸ்கூல்ல படிச்சவங்க நீங்கதானம்மா, நீங்களே இருங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவ்வளவுதான்.

ஊர் நரிப்பொட்டல். சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையில் இருக்கிறது. சாலைக்கு மேற்கே மிளகாயும் சோளமும் போடுகிற குடும்பங்கள். கிழக்கே கடலை ஒட்டிப் பள்ளிவாசல் தெரு. அங்கே ஆண்களில் பாதிப்பேர் தம்மாமிலும் துபாயிலும் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அப்போது எண்பத்தாறு பிள்ளைகள்.

ராமலெட்சுமிக்கு முப்பத்தாறு வயது. பிப்ரவரி பிறந்தால் மழை விழும்வரை உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. கணவன் மூக்கையாவுக்கு ஒன்றரை ஏக்கர் மிளகாய்க் காடு. ஒரே மகள் கோகிலா, ஆறாம் வகுப்பு. தலைவி ஆன பிறகு ராமலெட்சுமிக்கு அந்தப் பொறுப்பு பிடித்துப்போனது. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு இராமநாதபுரத்துக்கு நான்கு தடவை பஸ் ஏறினாள். குழாய் வந்தது. உப்பளத்துப் பெண்கள் அவளைக் கேலியாகத் 'தலைவரு' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அது கேலியாகவே கேட்கவில்லை.

அந்த ஆண்டு சமூக அறிவியல் எடுக்கப் பானுப்பிரியா என்ற ஆசிரியை புதிதாக வந்தார். வந்து மூன்று மாதம் கழித்து, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து ஒரு யோசனை சொன்னார்.

"கிளாஸ்ல ஒண்ணா உக்கார்றாங்க. சாப்பாட்டு பெல் அடிச்சதும் இந்தத் தெரு ஒரு மரத்தடி, அந்தத் தெரு ஒரு மரத்தடின்னு பிரிஞ்சிடுறாங்க. ஆறு வருஷமா ஒரே பெஞ்சு, ஆனா ஒருத்தர் வீட்டைப் பத்தி இன்னொருத்தருக்கு ஒண்ணும் தெரியல. மாசத்துக்கு ஒரு தடவ, மத்தத் தெருவுல இருக்கிற கூட்டாளி வீட்டுக்குப் போயி, பாத்தத ஒரு நோட்டுல எழுதட்டும். புதன்கிழமை கடைசி பீரியடுல வாசிக்கட்டும்."

வார்டு உறுப்பினர் வேல்ராஜும் குழுவில் இருந்தார். "இதெல்லாம் பாடத்துல இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

"பன்முகத்தன்மைன்னு ஒரு பாடமே இருக்கு சார். மனப்பாடம் பண்ணி எழுதிடுறாங்க. அதான்."

முதலில் கை தூக்கியவள் ராமலெட்சுமி. அடுத்தவள், பள்ளிவாசல் தெரு சாலிஹா. அவள் மகள் லாமியாவும் கோகிலாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. "அக்கா வீட்டுக்குத்தான போகப்போகுது, போகட்டும்" என்று சிரித்தாள் சாலிஹா.

பிள்ளைகள் அதற்குப் 'பக்கத்து வீட்டு நோட்டு' என்று பேர் வைத்தார்கள். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பொங்கலுக்கு மறுவாரம் கோகிலா தான் எழுதியதை வாசித்தாள். லாமியா வீட்டில் அப்பாவை வாப்பா என்றும் அம்மாவை உம்மா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுகிறார்கள் என்று அவள் வாசித்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்து, "அம்மா, அவுக வாப்பா தினமும் போன்ல வந்து லாமியாவ வாய்ப்பாடு சொல்லச் சொல்லிக் கேக்குறாக" என்றாள். மூக்கையா மகளைக் கூப்பிட்டு, "சரி, எங்கிட்டயும் சொல்லு பாப்போம்" என்றான்.

பிப்ரவரியில் லாமியா இவர்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த புதன்கிழமை, எழுதிக்கொண்டு வந்ததை எழுந்து நின்று வாசித்தாள்.

"கோகிலா வீட்டு முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். எனக்குத் தும்மல் வந்தது. கோகிலாவின் அப்பா அவித்த பனங்கிழங்கு தந்தார். அவர்கள் வீட்டில் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தனி டம்ளர் இருக்கிறது. அதைப் பின்கட்டில் வைத்திருக்கிறார்கள். நான் தண்ணீர் குடித்ததும் கோகிலாவின் அம்மா அதைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. இது அவர்கள் வழக்கம்."

காக்கா, வாப்பா என்று கோகிலா எழுதியதைப் போலத்தான் அவளும் பார்த்ததை எழுதியிருந்தாள். பின்பெஞ்சிலிருந்து மேற்குத் தெரு முனீஸ்வரன் கை தூக்கினான். "டீச்சர், நானுந்தான் அவுக வீட்டுக்குப் போனேன். எனக்கு அந்த டம்ளர்ல தரலயே. சொம்புலதான குடுத்தாக."

 ஒவ்வொரு முகமாகத் திரும்பி லாமியாவைப் பார்த்தது. கடைசியாகத்தான் அவளுக்கே புரிந்தது. நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள். கோகிலா பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் செய்தி போய்விட்டது. பள்ளிவாசல் தெருவின் வாட்ஸ்அப் குழு வழியாகத் தம்மாமில் இருந்த சாலிஹாவின் கணவன் பாக்கருக்கும் போனது.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். நடந்த எதற்கும் டம்ளர் காரணமில்லை, நோட்டுதான் காரணம் என்பது வேல்ராஜின் பேச்சு. "பச்சப்புள்ளைக மனசுல மதத்தக் கொண்டுவந்து திணிச்சா இப்படித்தான். கணக்கச் சொல்லிக் குடுங்க, இங்கிலீசச் சொல்லிக் குடுங்க. அடுத்தவன் அடுப்படியில என்ன வேல?"

சாலிஹா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ராமலெட்சுமியிடம் கேட்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்க்கா. எம்புள்ள எழுதுனது நெசமா, இல்லையா?"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கையாவின் அண்ணன்மார் சன்னலோரம் நின்றார்கள். அந்த டம்ளர் அவள் வாங்கி வைத்ததல்ல. கல்யாணமாகி வந்தபோதே அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தது. யாருக்கு அதில் கொடுப்பது என்று யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டாள். லாமியாவுக்கு அதில் தண்ணீர் ஊற்றியபோது அவள் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது. இதையெல்லாம் அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சாலிஹா" என்றாள். "சின்னப்புள்ள, எதையோ பாத்துட்டு எதையோ எழுதிருச்சு."

 சாலிஹா எழுந்து போய்விட்டாள்.

ஆசிரியை மதத்தைப் பேசிப் பிள்ளைகளைப் பிரிக்கிறார் என்று வேல்ராஜ் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு வந்தார். தலைவி என்ற இடத்தில் ராமலெட்சுமி கையெழுத்துப் போட்டாள். பத்தே நாளில் பானுப்பிரியாவை முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பிவிட்டார்கள். போகும் நாளில் அவர் ராமலெட்சுமி வீட்டு வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை.

"ஒங்க மேல எனக்குக் கோபம் இல்லக்கா. நானும் ஒரு தடவ வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு அந்தப் புள்ளைய வாசிக்கச் சொல்லியிருக்கணும். தப்பு எம்மேலயும் இருக்கு. ஆனா லாமியா பொய் எழுதல. அது ஒங்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளகிட்ட மட்டுமாவது சொல்லிடுங்க."

ஏப்ரலில் லாமியாவுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கினார்கள். பள்ளி திறந்தபோது பள்ளிவாசல் தெருவுக்குத் தனியார் பள்ளி வேன் ஒன்று வந்து நின்றது. அந்தத் தெருவிலிருந்து பத்தொன்பது பிள்ளைகள் அதில் ஏறினார்கள். மேற்குத் தெருக்காரர்கள் சிலரும், 'அங்கன படிப்பு நல்லா இருக்காம்ல' என்று தங்கள் பிள்ளைகளை வேறொரு பள்ளிக்கு மாற்றினார்கள். வருகைப் பதிவேட்டில் ஐம்பத்தெட்டுப் பெயர்கள்தான் மிஞ்சின.

கோகிலா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது ராமலெட்சுமி பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"என்னத்தா, அம்மாகிட்டப் பேசக் கூடாதுன்னு இருக்கியா?"

"லாமியா பொய் சொன்னான்னு எல்லாரும் சொல்றாக."

"சொல்லட்டும், விடு. காலப்போக்குல மறந்திருவாக."

கோகிலா காம்பைக் கிள்ளிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நா லாமியா வீட்டுக்குப் போனப்ப அம்மன் கோயில் சக்கரப்பொங்கல் கொண்டுபோனேன்ல. அவுக உம்மா சிரிச்சுக்கிட்டேதான் வாங்குனாக. அப்புறம் கொல்லையில போயி ஆட்டுக்கு வச்சாக. நா பாத்தேன்."

ராமலெட்சுமி நிமிர்ந்தாள். "அத ஏன்டி நீ எழுதல?"

"எழுதுனா லாமியாவுக்குக் கஷ்டமா இருக்கும்ல."

இரண்டு நாள் உப்பளத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு பக்கம் மனம் துள்ளியது. சாலிஹா மட்டும் யோக்கியமா என்று ஊரைக் கூட்டிக் கேட்கலாம். வேல்ராஜ் காதில் போட்டால் போதும், அவரே பார்த்துக்கொள்வார். இன்னொரு பக்கம், பதினோரு வயதுப் பிள்ளைக்கு இருந்த நிதானம் தனக்கு இல்லாமல் போனது உறுத்தியது. கோகிலா பார்த்ததை மறைத்தது கூட்டாளிக்காக. தான் மறைத்தது யாருக்காக?

ஜூலைக் கூட்டத்தில் தீர்மானங்களை வாசித்து முடித்ததும், "எனக்கு ஒரு பேச்சு இருக்கு" என்று எழுந்தாள்.  "எங்க வீட்டுல தனி டம்ளர் இருந்துச்சு. நாந்தான் லாமியாவுக்கு அதுல தண்ணி குடுத்தேன். அந்தப் புள்ள எழுதுன அம்புட்டும் நெசம். நாந்தான் பொய் சொன்னேன். டீச்சர் மேல போட்ட கையெழுத்தும் தப்பு. அத மினிட் நோட்டுல எழுதுங்க சார்."

யோகேஸ்வரன் பேனாவை எடுக்கவில்லை. "இப்ப எதுக்கும்மா அது, அடங்கிப்போன விசயம்" என்றார்.

"அடங்கல சார். எழுதுங்க."

பொங்கலும் ஆடும் வாய்வரை வந்தது. அதை அவள் சொல்லவில்லை.

வேல்ராஜ் கூட்டம் முடியுமுன்னே வெளியே போய்விட்டார். வீட்டில் மூக்கையா அன்று சாப்பிடாமல் எழுந்தான். "எங்க குடும்பத்த நாலு பேரு முன்னாடி நிப்பாட்டிட்டியே லெச்சுமி" என்றான். அவனுடைய அண்ணன் வீட்டில் காதுகுத்துக்கு இவர்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

மறுநாள் ராமலெட்சுமி பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். கூட்டத்தில் பேசியது அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. சாலிஹா நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். லாமியா உள்ளறைக் கதவோரம் நின்றாள்.

"நீ எழுதுனது சரித்தா. நாந்தான் தப்புச் சொன்னேன்" என்றாள் ராமலெட்சுமி. லாமியா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

சாலிஹா உள்ளறைக் கதவைச் சாத்தினாள். பிறகு, "அன்னைக்கு கோகிலா கொல்லப் பக்கம் நின்னத நானும் பாத்தேன்க்கா" என்றாள். "சாமிக்குப் படைச்சத நாங்க திங்க மாட்டோம். அதப் புள்ளகிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியல. வாங்கி வச்சேன், ஆட்டுக்குப் போட்டேன். நீங்க கூட்டத்துல அதச் சொல்லுவீகன்னு நெனச்சேன்."

"சொல்லணும்னு வாய்வரைக்கும் வந்துச்சு" என்றாள் ராமலெட்சுமி.

"அப்ப லாமியாவ மறுபடி நம்ம ஸ்கூலுக்கு…" என்று ராமலெட்சுமி தொடங்கியபோதே சாலிஹா தலையை அசைத்தாள்.

"இல்லக்கா. அவுக வாப்பா முடிவா சொல்லிட்டாக. நானும் மாத்திக் கேக்கப் போறதில்ல. ஒங்கள நா மன்னிச்சுட்டேன். அல்லா அறிய மனசுல ஒண்ணும் வச்சுக்கல. ஆனா எம்புள்ள அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'உம்மா, நம்ம என்ன அழுக்கா?'ன்னு கேட்டுச்சு. அந்த கிளாசுல மறுபடி போயி அது உக்கார வேணாம்."

 டீ வந்தது. ராமலெட்சுமி குடித்துவிட்டு எழுந்தாள்.

அதன் பிறகு அவள் கல்வி அலுவலகத்துக்கு மூன்று தடவை போனாள். பானுப்பிரியாவைத் திரும்ப அனுப்பக் கேட்டு, மனுவில் போட்ட தன் கையெழுத்து தவறு என்று அவளே எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததால் அந்தப் பணியிடமே இல்லாமல் போய்விட்டது என்றார்கள். இப்போது ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அடுத்த முறை குழு அமைத்தபோது தலைவி பதவிக்கு அவள் பேரை யாரும் சொல்லவில்லை. வேல்ராஜின் கொழுந்தியா தலைவி ஆனாள்.

நோட்டை மறுபடி தொடங்கலாமா என்று யோகேஸ்வரனிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். "எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஒன்னேகால் வருசந்தான் இருக்கும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அவர்.

கோகிலா இப்போது எட்டாம் வகுப்பு. மேற்குத் தெருப் பிள்ளைகளே நிறைந்த வகுப்பில், பள்ளிவாசல் தெருவிலிருந்து நான்கு பேர்தான். அவள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாளா என்று ராமலெட்சுமி ஒருநாள் கேட்டாள்.

"உக்காருவேன்" என்றாள் கோகிலா. "ஆனா அவுக வீட்டுக்குக் கூப்பிட மாட்டாக. நானும் கூப்பிடல."

 பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.