நாற்பத்திரண்டு ரப்பர் வளையங்கள்

1969 பிப்ரவரி 3. அலுமினியத் தகடு: ரூ. 214.00
1970 ஆகஸ்ட் 17. பழைய என்ஜின்: ரூ. 1,850.00
1972 ஏப்ரல் 8. ரப்பர் வளையம், 42: ரூ. 10.50
1973 ஜனவரி 22. எல்லாம் விற்ற வகையில் வரவு: ரூ. 610.00

ஓரிக்கை ராஜவேலுவின் கதை அவருடைய கணக்கு நோட்டின் இந்த நான்கு வரிகளில் முடிந்துவிடும். அதில் மூன்றாவது வரி எப்படி நான்காவதில் கொண்டுபோய்விட்டது என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய விண்ணப்பங்களையெல்லாம் தட்டச்சு செய்து கொடுத்தவன் என்பதால் எனக்கு அது தெரியும்.

ராஜவேலு விமானப்படையில் பதினைந்து வருடம் மின்கம்பி வேலை பார்த்தவர். பறந்தவரில்லை. பறக்கிறவர்களுக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும், ஒரே ஒரு ஆள் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டி, பாலாற்று மணலின் மேல் ஒரு முறை பறந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் தறி வைத்திருந்த சிட்டிபாபு, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையை அதற்குக் கொடுத்தார். சிட்டிபாபு வயதில் இளையவர். ஆனாலும் ராஜவேலு அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்.

"யூனிபார்ம் போட்ட மனுசன் போயும் போயும் தறிக்காரனை முதலாளின்ற" என்பாள் அவர் மனைவி மரியம்மாள். "ஆகாசத்துல போயி யாரைக் கும்புடப் போறே?"

"கொட்டாய் அவருதுமா."

இறக்கைக்குள் இருக்கும் தகடுகளில் துளை போட்டு, அதன் வழியாகத்தான் விளக்குக் கம்பியை இழுக்க வேண்டும். துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். என்ஜின் அதிர அதிர அது கம்பியின் உறையை அறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு ரப்பர் வளையம். வளையத்தைச் சுற்றி ஓடும் பள்ளம் தகட்டின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், நடுக்கண் கம்பிக்குச் சரியாக இருக்க வேண்டும். மதராஸில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினார். என்ஜின் பக்கத்துக்கு எண்ணெய் தாங்கும் ரப்பர், இறக்கைக்குச் சாதாரண ரப்பர். இறக்கைக்குள் எண்ணெய் வர வழியே இல்லை என்றார்.

விளிம்பை அரத்தால் மழுக்கி, வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அவரைக்கொட்டை வடிவில் மடித்துத் துளையில் நுழைத்து, மழுங்கிய மூங்கில் குச்சியால் சுற்றிலும் நீவி உட்கார வைப்பார். வலது இறக்கையை அப்படித்தான் முடித்தார். பிறகு பறக்க அனுமதி கேட்கும் விண்ணப்ப வேலையாக மதராஸ் போனவர் அங்கேயே நான்கு நாள் தங்கும்படி ஆயிற்று.

அது வைகாசி. கருட சேவைக்குச் சிட்டிபாபுவின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு இறக்கையிலும் விளக்கு எரிவதைக் காட்ட வேண்டும் என்று சிட்டிபாபுவுக்கு ஆசை. இடது இறக்கையை அவரே முடித்துவிட்டார்.

ராஜவேலு திரும்பி வந்து பார்த்தார். வளையங்கள் நேராகத்தான் உட்கார்ந்திருந்தன.

"சோப்புத் தண்ணிலதான போட்டீங்க, முதலாளி?"

"போட்டாச்சுபா. வெளக்கு எரியுதா இல்லியா?"

செப்டம்பரில் விமானத் துறையிலிருந்து பரிசோதகர் வந்தார். என்ஜினை ஓட்டச் சொன்னார், இறங்கி வந்து இடது இறக்கையின் அடிமூடியைக் கழற்றினார், கம்பியைப் பிடித்து லேசாக இழுத்தார். வளையம் அதோடு கூடவே வந்தது. ஊறிய அப்பளம் போல் உப்பிக் கொழகொழவென்றிருந்தது. துளை விளிம்பு பட்ட இடத்தில் உறை அறுந்து செம்பு தெரிந்தது. பரிசோதகர் விரலை மோந்து பார்த்தார்.

"கடலை எண்ணெய். யார் போட்டது?"

ராஜவேலு சிட்டிபாபுவைப் பார்த்தார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? கொட்டாய் குடுத்தவன் நானு" என்றார் சிட்டிபாபு. "அவருதான் ஏர்போர்ஸ்ல இருந்தவரு."

கொட்டகை போனால் விமானம் தெருவில்தான் நிற்க வேண்டும். ராஜவேலு, "நான் போட்டதுதான் சார்" என்றார்.

"பதினஞ்சு வருஷம் ஒயரிங் பார்த்தவர் ரப்பர்ல எண்ணெய் விடுவீங்களா?" என்றார் பரிசோதகர். கட்டியவரின் வேலை நம்பத் தகுந்ததல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் போன பிறகு சிட்டிபாபு சிரித்தார். "ரெண்டு சொட்டுதான்பா விட்டேன். எங்க தறில டிசைன் போடற பெட்டி ஊசிங்க சிக்கிச்சுன்னா எண்ணெய்தான் வுடுவோம். தண்ணி பட்டா துரு புடிச்சிக்கும். தண்ணில போடுன்றது எந்த ஊரு தொழிலு?"

"அந்தாளு கேக்கும்போது வாய் எங்க போச்சு, இப்ப வருது" என்றாள் மரியம்மாள்.

"வுடுமா" என்றார் ராஜவேலு.

இடது இறக்கையின் வளையம் அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, புதிது வாங்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்து மறுபடியும் போட்டார். மறு பரிசோதனை கேட்டு மனு எழுதினோம். பதில் இல்லை. பொங்கல் கழிந்ததும் சிட்டிபாபு வந்தார்.

"கொட்டாய்ல நாலு தறி போடணும்பா. பறக்காத ஏரோப்ளேனை எத்தினி நாளிக்குத்தான் கட்டிக்கினு அழுவறது?"

எண்ணெய் விட்டவரேதான் அதைச் சொன்னார். ராஜவேலு விமானத்தைப் பிரித்தார். தகடு பாத்திரக்காரனுக்குப் போயிற்று. என்ஜினை மாகறலில் ஒருவர் கிணற்றுக்கு வாங்கினார். அது நன்றாக ஓடுவதாகச் சொன்னார்கள். ராஜவேலு பம்பு செட்டுகளுக்குக் கம்பி இழுக்கும் கூலி வேலைக்குப் போனார். அங்கேயும் பரிசோதகர் எழுதியது அவருக்கு முன்னால் போயிருந்தது. ரப்பருக்கு எண்ணெய் விட்டவர் என்று ஊரில் அடையாளம் சொன்னார்கள். சிட்டிபாபுவும் அப்படித்தான் சொன்னார்.

மனுவுக்குப் பதில் ஒரு நாள் வந்தது. மரியம்மாள் அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். மறு பரிசோதனைக்கு அனுமதி அளிக்கப்பட்டிருக்கிறது, விமானத்தை என்ஜினோடு தயாராக வைத்திருக்கவும் என்று இருந்தது.

"மாகறல் கெணத்துக்கு வரச் சொல்லி எழுதுங்க" என்றாள்.

பதில் எழுதவில்லை. தபால் முத்திரையைப் பார்த்துத் தேதியை மட்டும் குறித்துக்கொண்டேன்: 1973 மார்ச் 6.