தசரா வரைக்கும் வெள்ளிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நாலாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் டாக்டர் எனக்கு நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தார். காபி, புளி, மிளகாய், எண்ணெய்ப் பலகாரம் எல்லாவற்றையும் குறைக்க வேண்டுமாம். ராத்திரி சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாதாம். அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து என் மகளிடம் காரணத்தைச் சொன்னேன். "இதை எழுதி வைங்கம்மா" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மகாராஜா காலத்துச் சங்கதி. ஹனூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரிலிருந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்கள் ஊர் அப்போது கோயம்புத்தூர் ஜில்லா. மைசூர் என்றால் வேறு ராஜ்யம், வேறு பாஷை. மண்டி மொஹல்லாவில் ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள்; அப்படிப்பட்ட குடியிருப்புக்கு அங்கே வடாரம் என்று பேர். அதில் ஒன்று எங்களுடையது. என் வீட்டுக்காரர் மகாராஜாவின் பேண்டில் கார்னெட்டு என்கிற பித்தளைக் குழல் வாசிப்பவர். புதிதாகச் சேர்ந்திருந்தார். வரப்போகும் தசரா ஊர்வலம்தான் அவருக்கு முதல் ஊர்வலம். கோட்டையும் தொப்பியையும் கொடியில் மாட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் தூசி தட்டிக்கொண்டிருப்பார்.

நல்ல மனுஷர். ஆனால் சாப்பாட்டில் ஒரு கட்டுப்பாடும் கிடையாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் கசக்கிற காபி, அதுவும் லோட்டா நிறைய. மத்தியானம் புளி தூக்கலான குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் வேண்டும். சாயங்காலம் பிராக்டிசுக்குப் போகிற வழியில் மிளகாய் பஜ்ஜி. அந்தக் கடைக்காரன் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே மாவைக் கலக்க ஆரம்பித்துவிடுவானாம். பிராக்டிஸ் முடிந்து வந்ததும் கறிக்குழம்பும் சோறும். மைசூரில் போதும் என்பதற்கு 'சாக்கு' என்பார்கள். அந்த ஒரு கன்னடச் சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை. தட்டைக் கழுவுவதற்குள் பாயில் மல்லாந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தேய்ப்பார்.

"என்னுங்க பண்ணுது?" என்று கேட்பேன்.

"நீ போட்ட உப்பு கம்மி, அதான்" என்பார். எரிச்சலுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தமோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டோடு இருந்தவரை பரவாயில்லை. ஒரு நாள் பிராக்டிசில் ஒரு பாட்டின் உச்சியில், மூச்சைப் பிடித்து ஊத வேண்டிய இடத்தில், புளிப்பாக ஏதோ தொண்டைக்கு ஏறி வந்து வாசிப்பை நிறுத்திவிட்டாராம். இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே மாதிரி. பேண்டு மாஸ்டர் கோபக்காரர் இல்லை. அமைதியாகச் சொன்னாராம்: "இன்னொரு தரம் நின்னா தசராவுக்கு நீ வர வேணாம்பா. ஷெட்டில உட்கார்ந்து சாமானைப் பார்த்துக்கோ." அன்றைக்கு அவர் கோட்டுக்குத் தூசி தட்டவில்லை. கறிக்குழம்பை மட்டும் வழக்கம்போல் சாப்பிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

பக்கத்து வீட்டில் கன்னடக்காரக் குடும்பம். அந்த வீட்டு அண்ணாவும் அதே பேண்டில் கார்னெட்டு வாசிப்பவர், ரொம்ப நாள் அனுபவம். அந்த வாரம் அவரை முன்வரிசைக்கு மாற்றி, ஒரு பாட்டில் தனியாக வாசிக்கவும் சொல்லியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அக்கா நெய் சொட்டச் சொட்ட மைசூர்பாகு கிளறி, வடாரம் முழுக்கக் கொடுத்தார். எங்கள் வீட்டுத் தட்டில் அது அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் இனிப்பும் நெய்யும் தொட்டால் இன்னும் எரியும் என்று பயந்து, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தின்பண்டத்தை வேண்டாம் என்று தள்ளியிருந்தார்.

மறுநாள் அக்கா வாசலில் நின்று கேட்டார். அண்ணாவும் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் பேசியது கன்னடம், எனக்குத் தெரிந்த தமிழில் போடுகிறேன். "என்னம்மா, உங்க யஜமானர் இனிப்பே தொடலியாமே?"

எனக்கு அப்போது அரைகுறைக் கன்னடம். நெஞ்செரிச்சல் என்று சொல்ல வேண்டும். எரிச்சலுக்கு 'உரி' என்று தெரியும். நெஞ்சுக்கு 'எதெ'. அதுவும் தெரியும். ஆனால் குழாயடியில் பால் குடிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெண்கள் பேசும்போதுதான் அந்தச் சொல்லை நான் கேட்டிருந்தேன். ஆம்பளை ஒருவர் நிற்கும்போது அதை எப்படி வாயால் சொல்வது? நாக்கு எழவில்லை. நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிடுவோம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வயிற்றுக்கு 'ஹொட்டெ'.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "நம்ம யஜமானரிகெ பஹள ஹொட்டெ உரி, அக்கா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ரொம்ப அக்கறையாக, "அண்ணா ஊதுறப்போ கூட அதிகமா எரியுதாம்" என்றும் சேர்த்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தானே ஊதுகிறார்கள், அதைத்தான் சொன்னேன்.

அண்ணா உள்ளே போய்விட்டார். அக்கா, "அப்படியா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் எனக்கு மோர் வரவில்லை. தினமும் ஒரு செம்பு கொடுப்பார்.

நம் பேச்சிலும் வயிற்றெரிச்சல் என்றால் பொறாமைதான். தமிழில் பேசியிருந்தால் நான் அப்படிச் சொல்லியே இருக்க மாட்டேன். வேறு பாஷையில் பேசும்போது அந்தப் புத்தி கூட வருவதில்லை.

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் பிராக்டிசிலிருந்து வந்தவர் பஜ்ஜிப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் நின்றார்.

"நீ பக்கத்து வீட்டுல என்னா சொன்னே?"

"நானுங்களா? ஒண்ணும் சொல்லலீங்களே."

"முன்வரிசை கிடைச்சதுல எனக்கு வயிறு எரியுதாம். அவர் ஊதுனா இன்னும் எரியுதாம். டிரம் அடிக்கிறவன்லேர்ந்து எல்லாரும், 'தண்ணி வேணுமாப்பா, அணைச்சுக்கிறியா'ன்னு கேக்குறாங்க."

எனக்கு அழுகை வந்தது. "நெஞ்சு எரியுதுன்னுதானுங்க சொல்ல வந்தேன். ஆம்பளை முன்னாடி அந்த வார்த்தைய எப்படிச் சொல்றதுன்னு..." என்று இழுத்தேன். அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் எரிச்சல் மேலே ஏறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மறுபடி சிரித்தார்.

"போ, போய் அந்தம்மாகிட்டயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார்.

யார் வீட்டுக்கும் தானாகப் போய்ப் பேசுகிறவள் இல்லை நான். அன்றைக்குப் போனேன். அண்ணா வெளியே போகிறவரை குழாயடியில் குடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம் போனேன். அக்கா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நான் என் நெஞ்சில் கையை வைத்து, இங்கே, இங்கே என்று இரண்டு முறை தட்டி, "ஹொட்டெ அல்ல அக்கா" என்றேன். அந்தச் சொல் அப்போதும் வரவில்லை.

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவரைக்காய் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும். "எதெ உரி. அதைச் சொல்ல வெட்கமா? ஒரு நல்ல மனுஷரைப் பொறாமைக்காரர் ஆக்க வெட்கமில்லையா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். மோர்ச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு, "அது இருக்கட்டும், தினமுமா எரியுது?" என்று கேட்டார்.

"தினமும்தான் அக்கா. வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை."

"ஏன், வெள்ளிக்கிழமைன்னா உன் வீட்டுக்காரருக்கு என்ன பயம்?"

சொல்லிவிட்டேனே தவிர, அதை நான் அதுவரை யோசித்ததில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், கறி கிடையாது. அன்றைக்குக் களியும் கீரைக் கடைசலும் மோரும்தான் செய்வேன். களியை அவர் தண்டனை மாதிரி கொஞ்சமாகச் சாப்பிடுவார். பஜ்ஜிக் கடைச் சட்டியில் கறியும் பொரிப்பார்களோ என்ற சந்தேகத்தில் அன்று பஜ்ஜியும் இல்லை. அன்று பிராக்டிசும் கிடையாது. பொழுதோடு சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் மண்டிபோட்டு ஜெபமாலை சொல்லிவிட்டு வருவார், சாப்பிட்டதும் மல்லாந்துவிட வழியில்லை. இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "அப்போ தசரா வரைக்கும் தினமும் வெள்ளிக்கிழமை வச்சுக்கோ" என்றார்.

அப்படியே வைத்துக்கொண்டேன். காலையில் காபிக்கு முன்னால் ராகிக் கூழ். காபி அரை லோட்டா. குழம்பில் புளி பாதி. பிராக்டிசுக்குப் போகுமுன்னே சாப்பாடு, வந்தால் மோர் மட்டும். பாயை நான் விரிக்கவே மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துவிடுவேன். தட்டில் களியைப் பார்த்ததும் அவர், "இன்னிக்கும் வெள்ளிக்கிழமையா?" என்பார். "ஆமாங்க" என்பேன். "நேத்தும் வெள்ளிதானே வந்தது?" "நாளைக்கும் வெள்ளிதானுங்க." பஜ்ஜிக் கடைக்காரன் ஒரு நாள் வழிமறித்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தானாம்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். யூனிபாரத்தைப் போட்டுப் பார்த்த அன்று, கழற்றியபோது இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். பெல்ட்டு அவ்வளவு இறுக்கம். சாப்பிட்ட வயிற்றை அப்படிக் கட்டிப்போட்டால் உள்ளே இருப்பது மேலேதானே வரும்? ஆணியைச் சூடு பண்ணி ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேன்.

"அய்யோ, சர்க்கார் பெல்ட்டு" என்று பதறினார்.

"கோட்டு மூடிக்குமுங்க" என்றேன். நானா அப்படிப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

பக்கத்து வீட்டு அண்ணாவும் உண்மை தெரிந்ததும் பேண்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கடைசிப் பிராக்டிசில் இவர் நிற்காமல் வாசித்தார். பேண்டு மாஸ்டர், "ஊர்வலத்துல நின்னியானா உன்னால வரிசையே கெட்டுப்போகும், ஞாபகம் வச்சுக்கோ" என்று மட்டும் சொல்லி வரச் சொன்னார்.

விஜயதசமி அன்று வடாரமே விருந்து மணத்தது. இவருக்கு நான் வைத்தது தயிர்ச்சோறும் ஒரு நஞ்சன்கூடு வாழைப்பழமும், ஊறுகாய்கூட இல்லாமல். வெள்ளிக்கிழமையா என்றுகூடக் கேட்காமல் சாப்பிட்டார். பயந்திருந்தார் என்று தெரிந்தது. நானும் அக்காவும் மார்க்கெட்டு ஓரமாக, பெண்கள் கூட்டத்தோடு நின்றோம். குதிரைகள், ஒட்டகங்கள், பட்டாளம் எல்லாம் போயின. நான் எதையும் பார்க்கவில்லை. பேண்டு வந்தது. முன்வரிசையில் அண்ணா. அவருக்குப் பின்னால், ஓரத்தில், இவர். பாட்டின் அந்த உச்சி இடம், பேண்டு எங்களுக்கு நேராக வந்தபோதுதான் வந்தது.

அவருக்கு எரிச்சல் ஏறினால் முதலில் இடது கண் சுருங்கும். அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு எழுந்து, குழல் மேலே மேலே போயிற்று. கண் சுருங்கவில்லை. மூச்சு விட்டேன். அதே நொடியில் இடது கண் மூடியது. அக்காவின் கையை நசுக்கிவிட்டேன். ஆனால் குழல் நிற்கவில்லை. கண் திறந்தது. மறுபடி ஒரு தரம் மூடித் திறந்தது.

அத்தனை கூட்டத்தில், அத்தனை மரியாதையான இடத்தில், என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போகிறார்.

"எரியுதா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா" என்று சொல்லி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டேன். அதனால் பின்னால் அம்பாரியில் வந்த மகாராஜாவை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஊர்வலம் போய்ச் சேருகிற பன்னி மண்டபத்திலிருந்து திரும்பும்போது அவர் கையில் பொட்டலம் இருந்தது. மூலை முழுக்க எண்ணெய். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லே" என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து மைசூர்பாகும் வந்தது. ஒரு துண்டு விடவில்லை. அப்புறம் எரிந்தது, எரியாமல் இருக்குமா? பாயில் படுக்காமல் சுவரில் சாய்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, அந்தப் பாட்டை வாயால் முணுமுணுத்தார். "மோர் கொண்டாரட்டுங்களா?" என்றேன். "எரியட்டும் விடு" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான். சில விஷயங்களை யாராவது சரிபார்த்தால் நல்லது. ஒட்டகம் பேண்டுக்கு முன்னால் போனதா, பின்னாலா என்பது நிச்சயமில்லை. கன்னடச் சொற்களைக் கன்னடம் நன்றாகத் தெரிந்தவர்களிடம் காட்டித் திருத்திவிடுங்கள். இன்னொன்று முக்கியம். அது என் மூத்த மகன் பிறப்பதற்கு முந்தின தசரா. பழைய பஞ்சாங்கம் யாரிடமாவது இருந்தால் அந்த வருஷம் விஜயதசமி என்ன கிழமை என்று பார்த்துச் சொல்லுங்கள். அவர் வெள்ளி இல்லை என்றாரே தவிர, நான் தினமும் வெள்ளிக்கிழமை என்று சொல்லிச் சொல்லி எங்கள் இரண்டு பேருக்குமே கிழமை குழம்பிப் போயிருந்தது. ஒருவேளை அன்றைக்கு நிஜமாகவே வெள்ளியாக இருந்து, அந்தப் பஜ்ஜிச் சட்டியில் கறியும் பொரித்திருந்தால், அவர் பங்குக்கும் நான்தான் கோயிலில் போய்ப் பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல வேண்டும்.