வளையல் இல்லாத ஏழாம் மாதம்

எங்கள் அக்கா கண்ணை மூடி ஓராண்டு நிறைகிறது. திவசச் சோறு உண்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பப்போகும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. உங்களில் பலரை அவர் ஒருமுறையாவது ஏசியிருப்பார். ஏச்சு வாங்காதவர் எவராவது இருந்தால், அவர் எங்கள் அக்காவுடன் நெருங்கிப் பழகாதவர் என்றுதான் கொள்ள வேண்டும். "சின்னம்மா, நீங்கதான் எழுதணும். மத்தவங்க எழுதினா அம்மாவைச் சாமியாக்கிடுவாங்க" என்று அக்காவின் மகன் சொன்னான். அதனால் எழுதுகிறேன்.

அக்கா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் என்னை இடுப்பில் சுமந்தது அவர்தான். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அவருக்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தார்கள். அதன்பிறகு கூடையைச் சுமந்தார். எதையும் சுமக்காமல் அக்கா நின்ற ஒரு காட்சியை நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குப் போகவேண்டி வந்தது. எங்கள் இருவருக்கும் கலியாணமாகியிருந்தது, வீட்டுக்காரர்கள் இலங்கைக் குடிமக்களாகப் பதியப்பட்டவர்கள், ஆகவே நாங்கள் நின்றுவிட்டோம். கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் அம்மா ஏறிய பின்பு யன்னல் வழியாகத் தன் சேலை ஒன்றைச் சுருட்டி அக்காவின் கையில் கொடுத்தார். பழைய நூல் சேலை, அரக்கு நிறம். ஏன் கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்பது சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா அதை ஒருநாளும் உடுத்தவில்லை.

எழுபத்தேழில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. உடுத்த துணியும் அக்காவின் கையில் அம்மாவின் சேலையுமாக லொறியில் ஏறி வவுனியா வந்து, பின்பு கனகராயன்குளத்தில் காட்டோரமாகக் குடிசை போட்டோம். குளிருக்குப் பழகிய எங்களுக்கு இந்த வெயில் தோலை உரித்தது. அந்த முதல் மாரிமழைக் காலத்தில்தான் எனக்கு முதற்பிள்ளை பிறந்தது. மழை விடாமல் கொட்டியது. விறகெல்லாம் ஈரம், ஊதி ஊதிப் புகைதான் வந்ததே தவிர ஒரு சட்டி தண்ணீர் சுடவில்லை. வீட்டிலிருந்து றோட்டுக்குப் போகும் பாதை சேறாகி, வந்த வண்டி நடுவில் புதைந்துபோனது. பிள்ளை தங்கவில்லை. அதன்பின் அக்கா வீட்டுக் கூரைக்குக் கீழே எப்போதும் காய்ந்த விறகு இருந்தது.

மறுபடியும் நான் கர்ப்பமானேன். எங்கள் ஆட்களுக்குள் ஏழாம் மாதத்தில் தாய்வீட்டார் வந்து கை நிறைய வளையல் போட்டு, ஏழு வகைச் சோறு ஆக்கிப் போடுவது வழக்கம். எனக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. அக்கா செய்வார் என்று வாய் திறக்காமல் காத்திருந்தேன். ஆசை வெட்கமறியாது, ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"ஏன்டி, வளையல் போட்டா வெறகு காயுமா?" என்றார் அக்கா. "பாதையில சேறு போயிருமா? ஏழாம் மாசத்துக்கு நாலு பேரைக் கூப்பிடத்தான் போறேன். ஆனா மம்பட்டியோட வரச் சொல்லிருக்கேன்."

நான் அழுதேன். அக்கா அழவிட்டுவிட்டு வேலியோரமாக நடந்து போய்விட்டார். உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம்.

எங்களுக்கு வேலிக்கு அப்பால், அடுத்த வளவில் பூரணம் மாமி இருந்தார், இப்போதும் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து வயல் செய்த குடும்பம். அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் நாங்கள். மாமி நல்லவர், ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் மயிரிழை விலகமாட்டார். பிள்ளைக்குத் துணி, ஏணைத் தொட்டிலுக்குச் சேலை, பெற்றவளுக்குப் பத்தியச் சரக்குத்தூள் எல்லாம் அக்கா இப்போதே சேர்க்கப்போகிறார் என்று கேட்டதும் வேலிக்கு வந்துவிட்டார்.

"உது கூடாது பிள்ளை. பிறக்காத பிள்ளைக்கு முதலே ஒண்டும் சேர்க்கிறேல்லை. உவளுக்கு ஒருக்காப் பட்டது காணாதே, இன்னும் வேணுமே?"

மாமி சொன்னதைத்தான் நானும் உள்ளுக்குள் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அக்கா வேலிக்குக் கிட்டப் போனார்.

"சரிங்க மாமி. அவ வீட்டுல ஒண்ணும் வைக்கல. ஒங்க வீட்டுல வச்சிருக்கீங்களா?"

"என்ன?"

"சரக்குத்தூள் ஒங்க வீட்டுல இருக்கட்டும். துணி இன்னொருத்தர் வீட்டுல. ஏணைச் சேலை என் வீட்டுல. அது எங்க பொருளு. புள்ள பொறந்தப்புறம் கொண்டாந்து குடுத்தா அது அன்னைக்குத்தான் வந்த சாமான். இதுல குத்தம் இருக்குதுங்களா?"

மாமி யோசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீ கெட்டிக்காரி. ஓம், அதிலை பிழை சொல்லேலாது. தாவன், வைக்கிறன்."

அப்படித்தான் அந்த நாள் நடந்தது. மாரி தொடங்குமுன் ஒரு காலையில் ஊர் கூடியது. ஆண்கள் மாட்டுவண்டியில் கிறவல் மண் கொண்டுவந்து றோட்டிலிருந்து என் வாசல்வரை கொட்டிப் பரப்பினார்கள். மழைத்தண்ணீர் ஓட வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார்கள். என் வீட்டுக்காரர் பாலை விறகைக் கொத்திப் போட, அத்தான் அதைக் கூரைக்குள் அடுக்கினார். பெண்கள் பழைய வேட்டிகளையும் சேலைகளையும் கொண்டுவந்து, அவித்துக் காயவைத்து, கிழித்து மடித்தார்கள். மாமி மிளகும் மல்லியும் மஞ்சளும் வறுத்து இடித்தார். அந்த வாசம் வளவு முழுக்க நின்றது. உழவு மிசின் வைத்திருந்தவர், என்னை ஏற்றிப்போக வசதியாக மாரி முடியும்வரை பின்னால் பூட்டிய பெட்டியைக் கழற்றாமல் விடுவதாகச் சொன்னார். நான் பெற்றுவர எவர் துணைக்கு வருவது, என் வீட்டுக்காரருக்கு எவர் சமைப்பது, ஆட்டுக்கு எவர் குழை போடுவது என்று அக்கா ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தார். மறுத்தவர்களுக்கு ஏச்சு.

என்னை ஒரு துரும்பு எடுக்க விடவில்லை. மாமி வீட்டுக் கதிரையைத் தூக்கிவந்து வேம்பின் கீழ் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். உழைக்கிற சனத்துக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மத்தியானம் பெரிய பானையில் ஒரேயொரு வகைச் சோறு, பூசணிக்காய்க் கறி, கருவாட்டுக் குழம்பு. முதற் கவளத்தை அக்கா தன் கையால் பிசைந்து எனக்கு ஊட்டினார். கை முழுக்க விறகுச் சிராய்ப்பு. நான் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சரக்குத்தூளின் கதையையும் சொல்லிவிடுகிறேன், மாமி கோபிக்கக் கூடாது. அவர் அதைப் போத்தலில் போட்டுக் குசினித் தட்டில் வைத்திருக்க, மாமியின் வீட்டுக்காரர் மல்லிக்கோப்பித் தூள் என்று நினைத்து நாளாந்தம் ஊற்றிக் குடித்திருக்கிறார். போத்தல் பாதியான பின்புதான் மாமி கண்டுபிடித்தார். மறுபடி இடிக்க வேண்டி வந்தது. "பெறாமலே சரக்குக் குடிச்ச ஆம்பிளை எங்கட ஊரிலைதான் இருக்கிறார்" என்று மாமி சொல்லிச் சொல்லி ஏசினார். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. சாகும்வரை அவருக்குச் சளி பிடித்ததில்லை என்று அக்கா சொல்வார்.

மாரியில் ஒரு விடியற்காலை எனக்கு வலி கண்டது. மழை முதல் வருடத்தைப் போலவேதான் பெய்தது. ஆனால் உழவு மிசின் கிறவலில் ஏறி வாசலுக்கே வந்து நின்றது. நான் பெட்டியில் ஏறும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, மிசினின் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை புதையவில்லை. ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள்.

பிள்ளையோடு திரும்பிய அன்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தங்கள் சாமானோடு வந்தார்கள். கடைசியாக அக்கா வந்தார். ஏணை கட்டுவதற்கு அவர் கொண்டுவந்தது அம்மாவின் அரக்குச் சேலை.

"இதையா? இதை ஏன் அக்கா?" என்றேன்.

"ஒனக்குப் புள்ள பொறந்தா கட்டச் சொல்லித்தான் அம்மா ரயில்ல குடுத்துச்சு."

கூரை வளையில் கட்டி முடித்து, இழுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அக்கா அழுதார். நானும் வைத்துப் பார்த்தேன். பெட்டியில் கிடந்த பூச்சி உருண்டை வாசத்துக்குக் கீழே அம்மாவின் வெற்றிலை வாசம் இருந்தது. தாய்வீடு வந்துவிட்டது என்று நினைத்தேன். வளையல் ஞாபகம் அன்று வரவில்லை.

அதன்பின் ஊரில் எவருக்கு ஏழாம் மாதம் பிறந்தாலும் அக்கா ஆள் கூட்டினார். எங்கள் ஆட்கள், யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அம்மாவின் சேலையில்தான் படுத்தன. பிள்ளை தவழத் தொடங்கியதும் சேலை துவைத்துத் திரும்பி வரவேண்டும். அது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம். தாமதித்தால் தானே போய்க் கழற்றி எடுத்துவருவார். என் மகள் இதைத் தன் சேலை என்று சண்டை பிடிப்பாள்.

கடைசியாக அவர் ஆள் கூட்டியது பூரணம் மாமியின் மருமகளுக்கு. இரண்டு மாதத்துக்குள் அக்காவுக்குக் காய்ச்சல் பிடித்தது. சண்டையால் வவுனியாப் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்த காலம், மருந்து கிடைப்பதே பெரும்பாடு. காய்ச்சல் பிதற்றலிலும் "மாமி வீட்டுக்கு வெறகு அடுக்கியாச்சா?" என்றுதான் கேட்டார். "அடுக்கியாச்சு அக்கா" என்றேன். "பொய் சொல்லாத, போய்ப் பாத்துட்டு வா" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது, அம்மாவின் சேலையை எடுத்து அவர்மேல் போர்த்தத் தோன்றியது. அம்மாவும் அக்காவும் ஒன்றாகப் போகட்டும் என்று நினைத்தேன். மாமியின் மருமகளுக்கு அப்போது நிறைமாதம். அந்த வீட்டார் செத்தவீட்டுச் சாமானைத் தொடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மாமியும் வாசல் படலைக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். நான் சேலையை விரிப்பதைக் கண்டதும் விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"பிள்ளை, அதைப் போர்த்தாதை. அது என்ர பேரப்பிள்ளைக்கு உன்ர அக்கா சொன்னது."

"செத்தவீட்டுச் சேலை மாமி. உங்களுக்குக் கூடாதே."

"இவ எங்கட வீட்டிலை அடுக்கின விறகு இருக்கு, மடிச்ச துணி இருக்கு. அதெல்லாத்தையும் நான் எறியிறதே? கொண்டா இங்கை. துடக்கு, தீட்டு எண்டால் என்னோடை போகட்டும்."

என் கையிலிருந்து வாங்கி, எல்லாரும் பார்த்திருக்க அக்காவின் காலில் ஒருதரம் ஒற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார். சேலையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து எடுத்து வைத்திருந்தாராம். அக்காவின் கருமாதிக்கு முன்பே பிள்ளை பிறந்தது. ஏணை கட்டியதும் அந்தச் சேலையில்தான்.

பிள்ளை தவழத் தொடங்கியதும் மாமி சேலையைத் துவைத்து மடித்து என்னிடம் கொண்டுவந்தார். "இனி நீதான் வைச்சிருக்கோணும்" என்றார். அவர் போனபின் முகத்தோடு சேர்த்துப் பார்த்தேன். வெற்றிலை வாசம் இல்லை. அக்காவின் வாசமும் இல்லை. துவைத்த சவர்க்காரமும் பிள்ளைப்பாலும்தான் மணந்தன. எவ்வளவு தேடியும் வேறொன்றும் வரவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். பாதை மூடியிருந்த நாட்களில் காட்டுவழியே சைக்கிளில் போய் மருந்து தேடித் தந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு தந்தவர்களுக்கும், உழவு மிசின் தந்து அக்காவை இறுதியாகக் கொண்டுபோனவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பூரணம் மாமிக்கு நன்றி சொன்னால் ஏசுவார், ஆகவே சொல்லவில்லை. சேலை என் பெட்டியில் இருக்கிறது. உங்கள் வீட்டில் எவருக்காவது ஏழாம் மாதம் பிறந்தால் சொல்லி அனுப்புங்கள், மம்பட்டியோடு வருகிறோம்.

அக்கா, நான் இனி வளையல் கேட்கமாட்டேன். விறகெல்லாம் காய்ந்துதான் இருக்கிறது. நம்பாவிட்டால் ஒருதரம் வந்து பார்த்து, ஏசிவிட்டுப் போ.