எட்டு சிலிண்டரும் பரோட்டா மாவும்

மண்ணூரில் தாஸின் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவர் என் கையில் ஒரு வெர்னியர் அளவுகோலைக் கொடுத்தார். அதன் ஒரு தாடை முனை உடைந்திருந்தது.

"இதை வெச்சு எப்படி அளக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"குத்துமதிப்பா, மேடம்."

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் என்ஜின் பாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். எங்கள் அளவை அறையில் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலும் அளவு மாறிவிடும் என்று வேலையை நிறுத்திவிடுவோம். அப்படி வளர்ந்தவள் நான். விருப்ப ஓய்வு வாங்கிய மூன்றாவது மாதம் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், பழைய கார் என்ஜின்களுக்கு வேகம் கூட்டித் தரும் தாஸிடம் வந்து சேர்ந்தேன். அவருக்குக் கைவேலை தெரியும், எனக்கு அளவு தெரியும்.

1. ஒரகடம் மேம்பாலம்

எங்களுக்கு வந்த பெரிய வேலை ராஜவேலுவின் கார். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய்விட, மிச்சமிருந்த இடத்தில் ஷிப்ட் பையன்களுக்கு ஹாஸ்டல் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். அவர் அப்பா வாங்கிய அமெரிக்கக் கார் அது. பானட் மட்டும் ஒரு கட்டில் நீளம் இருக்கும். உள்ளே எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும்.

"மொத பொண்ணு கல்யாணத்துல இன்னா ஆச்சு தெரியுமாம்மா? மாப்ளய ஒக்கார வெச்சிகினு ஒரகடம் மேம்பாலம் ஏறுறோம். பாதி ஏறசொல்ல வண்டி நின்னுபூட்சி. சம்பந்தி வூட்டுக்காரங்க பட்டு வேட்டியோட எறங்கித் தள்றாங்க. ஷேர் ஆட்டோக்காரன் ஆரன் அட்சிகினு தாண்டிப் போறான்," என்றார் ராஜவேலு.

"ரெண்டாவது பொண்ணுக்கு வேற வண்டி வெச்சிக்கலாமே," என்றார் தாஸ்.

"எங்கப்பாரு வண்டிப்பா இது. இந்த மாப்ளயும் இதுலதான் வருவாரு. பாலத்த டாப் கியர்ல ஏறணும். திரும்ப நின்னுச்சுன்னா நான் சொந்தக்காரங்க மூஞ்சில முழிக்க முடியாது."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

2. என் யோசனை

நீள என்ஜினில் ஒரு பழைய தொல்லை உண்டு. நடுவில் ஒரே கார்பரேட்டர் இருப்பதால் இரண்டு ஓரத்து சிலிண்டர்களுக்கும் பெட்ரோல் சரியாகப் போய்ச் சேராது. பந்தியில் கடைசி இலைக்கு வரும்போது சாம்பார் வாளி காலியாக இருப்பது போல. தாஸ் நாலு சிலிண்டருக்கு ஒன்று என்று இரண்டு கார்பரேட்டர் வைத்தார். அது அருமையாக அமைந்தது.

அடுத்தது ஹெட். என்ஜினை மூடியிருக்கும் இரும்பு மூடி. அதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும், இழுவை கூடும். ஆனால் இந்த மாதிரி என்ஜினில் வால்வுகள் கீழிருந்து மேலே எழும்பும். அதிகம் செதுக்கினால் வால்வு போய் ஹெட்டில் இடிக்கும். எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க, வால்வின் மேல் களிமண் உருண்டையை வைத்து, ஹெட்டை மூடி, என்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றித் திறப்பார்கள். நசுங்கிய மண்ணின் தடிமன்தான் இடைவெளி.

தாஸ் வைத்திருந்த களிமண் காய்ந்து கல்லாகியிருந்தது. புதிது வாங்கிவரக் கிளம்பினார்.

"எதுக்கு அவ்வளவு தூரம்? பக்கத்துல பரோட்டா மாவு இருக்கே," என்றேன்.

சொன்னது நான்தான். இதை மறைப்பதில் பயனில்லை.

"மாவா மேடம்?" என்று தாஸ் இழுத்தார்.

"நசுங்கணும், அவ்வளவுதானே?"

பக்கத்துப் பரோட்டாக் கடை முத்துப்பாண்டி விருதுநகர்க்காரர். காரணம் கேட்காமல் இரண்டு உருண்டை கொடுத்தார். வைத்தோம், மூடினோம், சுற்றினோம். போல்ட் எல்லாவற்றையும் கழற்றித் திறந்து, டீ குடித்து, பிறகு மாவை என் சொந்த மைக்ரோமீட்டரில் அளந்தேன். மூன்றரை மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் செதுக்கச் சொல்லி ஒரகடம் மில்லிங் பட்டறைக்கு ஹெட்டை அனுப்பினேன்.

திரும்பி வந்ததும் மாட்டினோம். ஸ்டார்ட்டரைத் தொடும் முன் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. கால் சுற்று போனது. டக். அதற்கு மேல் நகரவில்லை.

ஹெட்டைத் திறந்தால் வால்வு முத்தமிட்ட தடம் பளபளவென்று தெரிந்தது. வேறு ஹெட் எங்கும் கிடைக்காது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்.

3. சண்டைக்குப் போனது

மைக்ரோமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு மில்லிங் பட்டறைக்குப் போனேன். "ரெண்டு மில்லிமீட்டர் சொன்னா எவ்வளவு எடுத்தீங்க?" என்று ஆரம்பித்தேன். குரல் பெரிதாகவே இருந்தது. பட்டறைக்காரர் தன் நோட்டைக் காட்டினார். செதுக்குவதற்கு முன் ஆறு இடத்தில் அளவு, பின் ஆறு இடத்தில் அளவு. எங்கும் சரியாக இரண்டு. அந்த நோட்டு என் பழைய அளவை அறையில் இருக்க வேண்டியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் பட்டறைக்குள் போக மனம் வராமல் முத்துப்பாண்டி கடையில் உட்கார்ந்தேன். அவர் ஓர் உருண்டையை உள்ளங்கையால் தட்டினார். அது அகலமானது. அடுத்ததைத் தட்டினார். முதல் உருண்டை மெல்லச் சுருங்கி மறுபடி தடித்தது.

"மாஸ்டர், அது ஏன் திரும்பி வருது?"

"மாவுன்னா அப்படித்தாம்க்கா. அமுக்குனா அமுங்கி இருக்காது, மேல வரும். அதுக்குத்தான் எண்ணெய ஊத்தி ஊறப் போடுறோம்."

"ஊறாத மாவுன்னா?"

"ரப்பர் மாதிரில்ல இழுக்கும். அன்னைக்கு ஒங்களுக்குக் குடுத்தது அப்பப் பெசஞ்சதுதான். தாஸண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாருன்னு நெனச்சேன்."

ஓர் உருண்டை வாங்கி, இரண்டு மில்லிமீட்டருக்கு அழுத்தி, ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டு அளந்தேன். மூன்றரைக்குப் பக்கத்தில் இருந்தது. தாஸிடம் போய்ச் சொன்னேன்.

"குத்துமதிப்பா பார்த்திருந்தா தப்பிச்சிருப்போம், மேடம்," என்றார். அந்த வருடம் முழுக்க வாங்கியதில் மிக நியாயமான திட்டு அதுதான்.

மீண்டும் அதே மில்லிங் பட்டறைக்கே போனோம். பதினாறு வால்வுக்கும் நேர் மேலே ஹெட்டில் சின்னச் சின்னக் குழி எடுத்துத் தந்தார் அவர். இந்த முறை களிமண் வைத்துப் பார்த்தோம். அந்தக் களிமண்ணையும் முதலில் அழுத்தி, காத்திருந்து, சோதித்த பிறகுதான். ஒன்பதில் ஏழாம் நாள் என்ஜின் ஓடியது. ராஜவேலுவின் ஹாஸ்டல் பையன்கள் ஏழு பேரை ஏற்றி மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்தோம். டாப் கியரிலேயே ஏறியது.

4. மாப்பிள்ளை அழைப்பு

படப்பையிலிருந்து வாலாஜாபாத் ரோட்டு மண்டபத்துக்கு மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டும். தாஸ் ஓட்டினார், நான் பக்கத்தில். ராஜவேலு தானும் வருவேன் என்று மாப்பிள்ளையோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். பாலம் தொடங்கியது.

வண்டி திணறவே இல்லை. மேலே போகப் போக வேகம் கூடியது.

"தூக்குது தாஸு," என்றார் ராஜவேலு. "இன்னும் கொஞ்சம் மிதி."

தாஸ் மிதித்தார். மண்டபம் வந்து நின்றபோதுதான் திரும்பிப் பார்த்தோம். பின்னால் யாருமில்லை. பேண்ட் வாத்தியக்காரர்கள், சம்பந்தி வீட்டு பஸ், வீடியோக்காரர் எல்லோரும் எங்கோ பின்தங்கிவிட்டார்கள். மண்டப வாசலில் வாழை மரம் கட்டுகிறவர் மட்டும் பாதி மரத்தோடு நின்றார். பெண் வீட்டார் அலங்காரத்தில் இருந்தார்கள். ஆரத்தி கரைக்கக்கூட ஆளில்லை.

"மாப்ளய இட்டாந்ததும் நான்தான், வாங்கன்னு கூப்பிடுறதும் நானேவா?" என்று கேட்டுக்கொண்டு ராஜவேலு இறங்கினார். சமையல் அம்மா ஒருத்தர் மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்தார். அவரே ஆரத்தி எடுத்தார். வாத்தியம் இல்லாததால் ராஜவேலு தாஸை ஆரன் அடிக்கச் சொன்னார்.

அந்தப் புது வேலையில் இரண்டு விஷயம் கற்றேன். எதை வைத்து அளக்கிறோமோ, அதை முதலில் அளக்க வேண்டும். அப்புறம், வேகம் கேட்டு வருகிறவரிடம் எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்டால் போதாது. இப்போது என் நோட்டில் முதல் கேள்வியாக எழுதி வைத்திருக்கிறேன்: உங்களோடு கூட வருகிறவர்கள் எந்த வண்டியில் வருகிறார்கள்?