திருகு வளையல்

நடந்தவை, வரிசைப்படி:

1. தாத்தா இறந்தார். இரும்புப் பெட்டியின் சாவி எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை.
2. பெரியப்பா கடப்பாரையால் பெட்டியைத் திறக்கப் பார்த்தார். கைப்பிடி மட்டும் கழன்று வந்தது.
3. லவுத்தோக்காவிலிருந்து பூட்டுத் திறக்கிற பாயை வரவழைத்தார்கள்.
4. பெட்டி திறந்தது.
5. உள்ளே இருந்த நகைக்குப் பொற்கொல்லர் மதிப்புப் போட்டார்.
6. அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அவள் பதில் சொன்னாள்.

முதல் ஐந்தும் எனக்கு அன்றைக்கே புரிந்தன. அப்போது எனக்கு ஒன்பது வயது.

வரதோலியில் எங்கள் வீடு தகரக் கூரை போட்ட மரவீடு. நடு அறையில் அந்தப் பெட்டி இருந்தது. நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் தாத்தா அதை வாங்கியதாகச் சொல்வார்கள். பெட்டியின் கனத்தில் தரைப்பலகை அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கு மேலே சுவரில் தாத்தா கழுத்தில் மாலையோடு நிற்கும் படம். தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர் மரம் வாங்கிக் கொடுத்தபோது எடுத்தது. சங்கத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. வீட்டிலும் அப்படித்தான்.

கரும்புத் தோட்டத்தைப் பெரியப்பாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டார்கள். அவர்களின் தங்கையான அத்தை சமையலையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டாள். அவளை இன்னொரு தீவிலிருக்கும் சவுசவுவில் கொப்பரை உலர்த்தும் ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏன் திரும்பி வந்தாள் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடமாகத் தெரியும். அதற்குப் பெயரே ‘பாய் திருடின கதை’.

அந்தக் கதை இதுதான். கடல் தாண்டிப் போகிற பெண்ணைக் கழுத்தும் கையும் நிறையப் படகில் ஏற்றக் கூடாது, நகையைப் பிறகு நம்பிக்கையான ஆள் மூலம் அனுப்புவதுதான் முறை என்று தாத்தா சொன்னார். அப்போது பலரும் அப்படிச் செய்வதுண்டு. நம்பிக்கையான ஆள், சவுசவு படகில் வேலை பார்த்த பாய். பாயின் வாப்பாவும் தாத்தாவும் மதராசிலிருந்து ஒரே கப்பலில் இந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். அந்த உறவு கூடப்பிறந்த உறவுக்குச் சமம் என்பார்கள். நகையைப் பாய் கையில் கொடுத்ததாகத் தாத்தா சொன்னார். தன் கையில் யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று பாய் சொன்னார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு பக்கம் சங்கத்துக் கமிட்டிக்காரர், இன்னொரு பக்கம் படகுக் கூலி. பாய் சத்தியம் செய்யத் தயார் என்றார். தங்கத்தை எடுக்கத் துணிந்தவன் சத்தியத்துக்கா பயப்படுவான் என்று கேட்டுவிட்டார்கள். படகு முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சவுசவுவிலிருந்து அத்தையை, நகையோடு வந்தால் வா என்று அனுப்பிவைத்தார்கள். அவள் வந்தாள்.

தாத்தா இறந்த பிறகு, இரும்புப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஆளை விசாரிக்க அப்பா சைக்கிளில் பா ஊர்ச் சர்க்கரை மில்லுக்குப் போனார். லவுத்தோக்கா மில் பட்டறையில் ஒருவர் இருக்கிறார், கடைக்காரர்கள்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்றார்களாம். அது அந்தப் பாய்தான், படகு வேலை போன பிறகு அங்கே சேர்ந்திருந்தார். பெயரைக் கேட்டதும் அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகுதான் கடப்பாரை. கைப்பிடி கழன்று பெரியப்பா மல்லாக்க விழுந்த அன்று அம்மா என்னிடம், “மாமா இருந்தவரைக்கும் மனசுல இருக்கறத வெளிய விட்டாரா? அவரு பெட்டி மட்டும் விட்டுருமா?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் பெரியப்பாவே பஸ் ஏறி லவுத்தோக்கா போனார்.

பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். திருடனைப் பார்க்க நான் வாசலிலேயே நின்றேன். ஒல்லியான, வெள்ளைத் தொப்பி வைத்த, தோளில் சாக்குப்பை மாட்டிய ஒரு மனிதர்தான் வந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெரியப்பா அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“திருடன உள்ள கூப்புட்டு நாற்காலி வேற போடறீங்களே,” என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். வீட்டில் இருக்கிற எல்லோரும் அறையில் நிற்க வேண்டும். கதவு திறந்ததும் அவர் விலகிக்கொள்வார், உள்ளே கை வைக்க மாட்டார். “அந்தத் தங்கச்சியும் இருக்கட்டும்,” என்றார். அத்தை அடுப்படிக் கதவருகே வந்து நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். மதிப்புப் போட டவுனிலிருந்து வந்திருந்த சோனார், அதாவது குஜராத்திப் பொற்கொல்லர், தரையில் உட்கார்ந்து தராசை எடுத்து வைத்தார்.

பாய் பூட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு ஓரிடத்தில் கை ட்ரில்லை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். இரும்புத் தூள் தரையில் விழுந்துகொண்டே இருந்தது. இடையில் இரண்டு தரம் அத்தை அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளே ஏதோ கழன்று விழும் சத்தம் கேட்டது. கதவைப் பாதி இழுத்துவிட்டு, பாய் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டியபடி சுவரோரம் போய் நின்றார்.

நிலக் குத்தகைப் பத்திரம், பழைய மூக்குக்கண்ணாடி, ஒரு சிகரெட் டப்பாவில் சில பவுன் காசுகள். அவற்றுக்குப் பின்னால் சிவப்புத் துணி மூட்டை. அதைப் பெரியப்பா தரையில் வைத்து அவிழ்த்தார். அப்பா அவிழ்ந்த துணியைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

“அட்டிகை ஒண்ணு. ஜிமிக்கி ஒரு ஜோடி. திருகு வளையல் ஆறு,” என்றார் பாய், சுவரோரம் நின்றபடியே. “அன்னிக்குப் பஞ்சாயத்துல பட்டியல் படிச்சீங்க, எனக்கு மறக்கல. இத்தன வருசமா நான் திருடின நகைய இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்.”

சோனாருக்குத் தமிழ் தெரியாது. அவர் பாட்டுக்கு அட்டிகையை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, நல்ல தங்கம், பவுன் உருக்கிச் செய்தது என்று ஹிந்தியில் சொன்னார். அட்டிகையையும் ஜிமிக்கியையும் எடை போட்டார். வளையலுக்கு வந்ததும் நின்றார். உள்ளே அரக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் எடை சொல்ல முடியாது, ஆனால் திருகு அசையவில்லை என்றார். அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவாலும் முடியவில்லை. பெரியப்பா பல்லால் கடித்துப் பார்த்தார். அவர் கையிலிருந்து அத்தை அதை வாங்கினாள்.

வாங்கியதும் திறந்துவிட்டாள். கட்டைவிரல் நகத்தால் ஓரிடத்தில் அழுத்தி, திருகை எல்லோரும் திருப்பிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அரைச் சுற்றுச் சுற்றினாள். கையை அவள் பார்க்கக்கூட இல்லை. வளையல் இரண்டாக விரிந்தது. அதைச் சோனாரின் தட்டில் வைத்துவிட்டு மறுபடியும் கதவருகே வந்து நின்றாள்.

அப்போதுதான் பெரியப்பா பேசினார். இந்த மாதிரி நகை அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு, இது செத்துப்போன தங்கள் அம்மாவுடையது என்றார். அப்பாவைப் பார்த்தும் சொன்னார், பாயைப் பார்த்தும் சொன்னார். பிறகு அத்தையிடம் திரும்பினார்.

“இது உன்னுதா? நல்லா பாத்து சொல்லு.”

அத்தை நகையைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தாள். பாயும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னுது இல்லண்ணா.”

பெரியப்பா மூச்சு விட்டார். சோனார் மிச்ச வளையல்களையும் அத்தையிடமே நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தாள்.

பாய் ட்ரில்லைக் கழற்றித் துணியால் துடைத்துச் சாக்குப்பையில் போட்டார். தரையில் கிடந்த இரும்புத் தூளைக் கையாலேயே கூட்டி ஒரு காகிதத்தில் அள்ளிக்கொண்டார். “சரி தங்கச்சி. நீயே சொல்லிட்ட. இனி நான் யாரப் போய்க் கேக்க?” என்றார். பெரியப்பா பேசிய கூலிக்கு மேலாகவே கொடுத்தார். பாய் தன் கூலியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

எப்படித் திறந்தாய் என்று அன்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் அத்தையிடம் கேட்டேன். எல்லா வளையலும் அப்படித்தான் திறக்கும் என்றாள். அம்மாவின் வளையலில் அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. சரி, அத்தைக்குக் கைவேலை தெரிந்திருக்கிறது என்று முடிவுசெய்தேன். சோனாராலேயே முடியாததை எங்கள் அத்தை ஒரு நொடியில் திறந்தாள் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை.

திருகு எப்போதும் எப்படித் திரும்பும் என்பதைப் பின்னால் சுவாவில் இயந்திரப் படிப்புப் படித்தபோது கற்றுக்கொண்டேன். எதிர்ப்பக்கம் திரும்பும் திருகு வேண்டுமென்றால் தனியாகச் சொல்லித்தான் செய்ய வைக்க வேண்டும். தானாக யாருக்கும் அது தெரியவராது. தினமும் போட்டுக் கழற்றிய கைக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கும் படகு ஏறியதற்கும் நடுவில் அத்தை அந்த வளையல்களைச் சில நாள் போட்டிருந்தாள். அந்த அறையில் இருந்தவர்களில் இது தெரியாமல் போனது எனக்கும் சோனாருக்கும் மட்டும்தான்.

என்னுடையது என்று அவள் சொல்லியிருந்தால் நகை அவள் கைக்கு வந்திருக்கும். அதற்குள் சவுசவுவில் அவள் புருஷனுக்கு வேறு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். தன் வாழ்க்கையைக் கெடுத்தது தன் அப்பாதான் என்று, அவர் படத்துக்குக் கீழே நின்று, அண்ணன்களின் வீட்டில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அன்று ராத்திரி அவள் படுக்க இருந்ததும் அந்த வீடுதான். இவ்வளவும் எனக்குப் புரிகிறது. தாத்தா நகையை ஏன் அனுப்பாமல் வைத்துக்கொண்டார் என்பது இன்னும் புரியவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

நகையை உருக்கி இரண்டு பங்காக்கினார்கள். அப்பாவின் பங்கு என் படிப்புக்குப் போனது. அத்தை பெரியப்பா வீட்டில் இருக்கிறாள், கையில் கண்ணாடி வளையல். நான் வேலை பார்க்கும் லவுத்தோக்கா மில்லில்தான் பாயும் இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் தங்கச்சி நல்லா இருக்கா என்று கேட்பார். இருக்காங்க என்பேன். வரதோலியில் இப்போது வேறு பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களுக்கும் ‘பாய் திருடின கதை’யைத்தான் சொல்கிறார்கள்.